இருபது மில்லிமீட்டர்

யாருடைய காலை அளந்து செய்தார்களோ,
என் முழங்காலை இல்லை.
குரோஸ் நெஸ்ட் வரை போய்த் திரும்பினால்
நான் இறங்கிய பிறகும்
கால் மட்டும் வண்டியில் உட்கார்ந்திருக்கும், மடங்கியபடி.

மே மாதம் சரளையில் சறுக்கியபோது
மடங்கத் தெரியாத பழைய ஃபுட்ரெஸ்ட்
மண்ணில் குத்தி நின்று
வண்டியை நெம்பி என்மேல் போட்டது.
அதன் முனையில் இன்னும் டூவும்பாவின் சிவப்பு.

இன்று ஞாயிறு. ஜூலை. மூன்று டிகிரி.
கராஜ் தரையில் கிழிந்த போர்வை.
புதுப் பெட்டிக்குள் ஒரு தாள்,
சொல்லே இல்லை, அம்புக்குறிகள்தான்.

பழையதைக் கழற்ற ஐந்து நிமிடம்.
புதியதன் ஸ்பிரிங்கை உட்கார வைக்க ஒரு மணி நேரம்.
முதல் தடவை தெறித்து
வாஷிங் மெஷினுக்குப் பின்னால்.
இரண்டாம் தடவை என் கன்னத்தில்.
பிறகு பிளாஸ்டிக் டையால் அதைச் சுருக்கிக் கட்டி,
செருகி, பின்னை இறக்கி,
டையை வெட்டினேன்.
டக்.
"உயிரோட இருக்கியா?" உள்ளேயிருந்து ஜெபசீலன்.

ஏறி நின்றேன்.
மரியாதையாகக் கீழே மடிந்து என்னை இறக்கிவிட்டது.
இடதை வலதில் மாட்டியிருந்தேன்.
மறுபடி ஸ்பிரிங். மறுபடி கன்னம்.

பாதம் இருபது மில்லிமீட்டர் இறங்கியதும்
கியர் லீவர் மாடி ஏறிவிட்டது.
ஒரு பல் தள்ளி மாட்டினால் ரொம்பக் கீழே.
எனக்கு வேண்டிய இடம்
இரண்டு பற்களுக்கு நடுவில் இருந்தது.
இணைப்புக் கம்பியை அரை அரைச் சுற்றாகத் திருகி
அங்கே போய்ச் சேர்ந்தேன்.
பிரேக் பெடலையும் இறக்கினேன்.
பின்விளக்கு எரிந்தது. அணையவேயில்லை.

"ஓடுறப்பவும் நிக்கிறேன் நிக்கிறேன்னு சொல்லிட்டே போவியா?"
கையில் டீ. முகத்தில் அந்தச் சிவப்பு.
மே மாதத்துக்குப் பிறகு
அவன் கராஜுக்குள் வருவது இதுதான் முதல் தடவை.

நான் சுவிட்ச் நட்டைத் திருப்ப,
அவன் குந்தி, பெடலைக் கையால் அமுக்கி, விட்டு,
"எரியுது. எரியுது. இப்ப இல்ல.
அமுக்கினா எரியுது. போதும், நிறுத்து."

எழுந்திருக்கவில்லை.
புது ஃபுட்ரெஸ்ட்டை விரலால் மேலே தள்ளினான்.
விட்டான். டக்.
தள்ளினான். டக்.
"விழுந்தா இப்படித்தான் மடங்குமா?"
"ஆமாம்."
"அப்புறம்?"
அவனே தள்ளி, விட்டு, பார்த்துக்கொண்டான்.

"பின்சீட்டுக்கு வாங்கலயா?"
"அது வாங்கினப்பவே மடங்குறதுதான்.
யாரும் இறக்கினதில்ல."

டீயைத் தரையில் வைத்தான்.
பின்னால் மடங்கிக் கிடந்ததை
ஒற்றை விரலால் இறக்கினான்.
சந்தில் கட்டியிருந்த சிலந்திவலை
நீண்டு,
இன்னும் கொஞ்சம் நீண்டு,
அறுந்தது.