உள் லைற்

நேசதுரை கொடிகாமத்திலை தொடங்கினவன்.
ஹூஸ்ரனிலை அவன்ரை காருக்குள்ளை
பிஸ்ரல் ஒண்டு இருக்காம்.
மடியிலை இல்லை, சீற்றுக்குக் கீழையும் இல்லை,
டாஷ்போர்ட் பெட்டிக்குள்ளை, தோலுறை போட்டு.
"கண்ணிலை படாமல் வைக்கோணும் மச்சான்."

சாவகச்சேரிச் சந்தை தாண்டும்வரைக்கும் சட்டம்.
பள்ளிக்கூட வாசலிலை என்ன செய்யிறது,
ரெண்டு பியர் குடிச்சால் என்ன செய்யிறது,
மனிசி ஓட்டினால் அது ஆற்றை துவக்கு.
எனக்கு விளங்கினது பாதி.

கைதடிக்குக் கிட்ட மரியாதைக்கு வந்தான்.
பொலிஸ் மறிச்சால் ஓரங்கட்டு.
எஞ்சினை நிப்பாட்டு.
உள் லைற்றைப் போடு.
ரெண்டு கையும் ஸ்ரியறிங்குக்கு மேலை,
பத்து மணியும் ரெண்டு மணியும் மாதிரி.
அவன் கேக்கமுன்னம் நீ சொல்லு:
ஐயா, என்னட்டைத் துவக்கிருக்கு,
லைசன்ஸ் பேர்ஸுக்குள்ளை,
பேர்ஸ் பின்பக்கற்றுக்குள்ளை,
இப்ப எடுக்கப்போறன்.
சொன்னாப்பிறகும் மெதுவாய் எடு.

நான் கியரை மாத்தினன்.

இந்தப் பாடத்தை
பத்தொன்பது வயசிலை படிச்சு முடிச்சவன் நான்.
சென்றிக்கு ஐம்பது யார் இருக்கேக்கை
பெரிய லைற்றை நூர். உள் லைற்றைப் போடு.
தொப்பியைக் கழற்று.
மூக்குக் கடிச்சாலும் சொறியாதை.
அடையாள அட்டை முதலே கையிலை இருக்கோணும்,
தேடுற கை பொல்லாத கை.
துவக்கு அவையிட்டை.
மரியாதை எங்களிட்டை.

அந்த லொறிப் பெட்டிக்குள்ளை
நானும் ஒருக்கால் ஒளிச்சனான்.
நாலு பற்றறி.
கதிரித்தம்பி மாஸ்ரர் றேடியோவுக்குச் சொல்லிவிட்டது.
பற்றறி கொண்டுபோகக்கூடாது,
அது அப்பத்தைச் சட்டம்.
விபூதிப் பைக்குள்ளை புதைச்சு,
மேலை ஒரு சாமிப்படமும் வைச்சன்.

ஆமிக்காரனுக்கு என்ரை வயசு.
கன்னமெல்லாம் பரு.
பையைக் குலுக்க
சீற்றெல்லாம் விபூதி.
நாலையும் எண்ணினான்.
அடிக்கேல்லை.
தன்ரை செத்த ரோச் லைற்றைத் திறந்து
என்ரை ரெண்டைப் போட்டு
என்ரை முகத்துக்கு அடிச்சுப் பாத்தான்,
வெளிச்சம் காணுமோ எண்டு.
கண்ணை மூடுறதோ
திறந்து வைச்சிருக்கிறதோ,
எது மரியாதை எண்டு
ஒருத்தரும் சொல்லித்தந்திருக்கேல்லை.

நாவற்குழிப் பாலத்தடியிலை
றோட்டுக்குள்ளை ஒரு கை நீண்டது.

நேசதுரை கதையை விட்டான்.
நான் ஓரங்கட்டினன்.
என்ரை கை தன்ரை பாட்டிலை மேலை போய்
உள் லைற்றைப் போட்டுது.
நேரம் பகல் பதினொண்டரை.
உப்பு வெளியெல்லாம் வெயில்.
பக்கத்திலை அவன்
ரெண்டு கையையும் டாஷ்போர்டுக்கு மேலை வைச்சு
பத்து விரலையும் விரிச்சுக்கொண்டிருக்கிறான்.
அவன்ரை துவக்கு
ரெண்டு கடலுக்கு அங்காலை
ஒரு கராஜுக்குள்ளை பூட்டிக் கிடக்குது.

ட்ரபிக் பொலிஸ்காரப் பெடியன் குனிஞ்சான்.
எரியிற லைற்றைப் பாத்தான்.
விரலுகளைப் பாத்தான்.
இன்சூரன்ஸ் கேட்டான்.
"பெட்டியைத் திறக்கப்போறன், ஐயா" எண்டு சொல்லிப்போட்டுத்தான்
திறந்தன்.
அவனுக்கு விளங்கேல்லை.
"திறவுங்கோ அங்கிள்" எண்டான்.
உள்ளை ரெண்டு பேனை, ஒரு சீப்பு,
காலாவதியான பனடோல்,
இன்சூரன்ஸ் காட்.
திருப்பித் தரேக்கை நேசதுரையைக் காட்டி,
"அவருக்கு பெல்ற்" எண்டான்.
அவ்வளவுதான்.

பெல்ற்றை இழுக்கிறதுக்கும்
அவன் கையை உடனை எடுக்கேல்லை.

அரியாலை தாண்டினாப்பிறகு கேட்டான்,
"நீயும் ஒருகாலம் துவக்கு வைச்சிருந்தனியோ, மச்சான்?"
இண்டிக்கேற்றரைப் போட்டன்.
டாஷ்போர்டிலை பத்து விரல் ஈரம்
ஏசிக் காத்துக்கு ஒவ்வொண்டாய்க் காய்ஞ்சுகொண்டு வந்தது.
சின்னவிரல் கடைசி.

அவனை வீட்டிலை இறக்கிப்போட்டு வந்து
வானை நிப்பாட்டிச் சாப்பிட்டுப் படுத்திட்டன்.
லைற்றை ஒருத்தரும் நூர்க்கேல்லை.
விடியப் போய்த் திறப்பைத் திருப்பினால்
சத்தமில்லை.
பற்றறி செத்துக் கிடந்தது.