வாளியோடு வந்தவள்

பாசல் நகரம், ரைன் கரை.
நூற்றெழுபது வயது ஹோட்டலின் சுழல்கதவுக்குள்
ஒரு பெட்டி, ஒரு குடை,
மடக்கினால் தட்டாகிவிடும் ரப்பர் வாளி
சகிதம் நுழைகிறேன்.
பெட்டி தூக்க வந்த பையன்
வாளியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்,
ஏதோ சீமாட்டியின் தொப்பியைப்போல.

பசுமைச் சான்றிதழுக்கான தணிக்கை.
மூன்றாண்டுக்கு ஒருமுறை யாராவது வருவார்கள்,
ஓரிரவு தங்குவார்கள், அளப்பார்கள், போவார்கள்.
இம்முறை நான்.

சுவரில் பட்டு. கூரையில் பொன்னிலை.
கட்டிலில் ஆறு தலையணை,
எனக்கோ ஒரே தலை.
பளிங்குத் தரையில் மண்டியிட்டு
ஷவரின் கீழ் வாளியை வைத்து
கைப்பேசியில் நொடிகளை ஓடவிட்டேன்:
நிமிடத்துக்கு எட்டு லிட்டர். சரி.
கை கழுவும் குழாய், நாலரை. சரி.
சூழலியலில் முதுகலை,
ஜெர்மன் மொழியோடு மூன்று வருட மல்லுக்கட்டு,
எல்லாம் முடிந்து
ஐந்து நட்சத்திரத்தின் கீழ்
தண்ணீர் பிடிக்கிற வேலை.

நிலவறையில் ரேட்டோ
தன் எந்திரத்தைக் காட்டினார், தோளில் தட்டிக்கொடுத்து.
அது ஆற்றிலிருந்து நீரை உறிஞ்சி
அதன் சூட்டில் மூன்று டிகிரியை மட்டும் எடுத்துக்கொண்டு
மீதியைத் திருப்பி விட்டுவிடுமாம்.
"ஆற்றுக்குக் குளிராதா?"
நெடுநேரம் யோசித்தார்.
"அதற்குள் அடுத்த நாட்டுக்குப் போயிருக்கும்" என்றார்.

சாயங்காலம், மூன்றாம் மாடி.
துணிவண்டியின் மறைவில் நின்று
ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள் ஷ்ப்ரெசா.
கதவுப் பிடிகளில் பச்சை அட்டைகள்:
இன்று என் அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம்.
பதிலாக ஒரு மரம் நடுங்கள்.
பத்தொன்பது கதவில் பதினொன்று.
நல்ல விகிதம். குறித்துக்கொண்டேன்.
அவளும் எண்ணித்தான் வைத்திருந்தாள்.
"உங்களுக்குப் பதினொரு மரம்.
எனக்கு மூன்றரை மணிநேரம்.
நாளை வரவேண்டாம் என்று போன் வரும்.
மறுநாள் வந்தால்
அறையில் குப்பை வளர்ந்திருக்கும்,
அதற்குக் கொடுக்கிற நிமிடம் வளர்ந்திருக்காது."
ஆப்பிளின் நடுத்தண்டைக் காகிதத்தில் சுற்றினாள்.
"அந்த மரமெல்லாம் எங்கே நிற்கிறது?"
ஆவணத்தில் நாடு இருக்கிறது.
ஊர் இல்லை.

என் படிவத்தில் தண்ணீருக்குப் பதினான்கு கட்டம்,
மின்சாரத்துக்கு இருபத்திரண்டு,
மொட்டைமாடித் தேனீக்களுக்கும் ஒன்று.
மூன்றரை மணிநேரத்தை
எதற்குள் போடுவது?
'இதர குறிப்புகள்' இருக்கிறது,
தபால்தலை அகலத்தில்.

இரவு பதினொன்றேகால்.
குளியலறையின் மூலையில்
சிங்கக் கால் ஊன்றி நிற்கிறது பழைய தொட்டி.
பாரம்பரியச் சின்னம், அகற்றத் தடை.
விளிம்பில் சிறு சீட்டு:
கூடுமானவரை தவிர்க்க அன்புடன் வேண்டுகிறோம்.
கொள்ளளவு தெரிய வேண்டாமா என்று
என்னிடமே அனுமதி கேட்டு
நானே கொடுத்துக்கொண்டேன்.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு,
பதினைந்தரை நிமிடம்.

ஆற்றின் மூன்று டிகிரி
முழங்காலில், தோளில், பிறகு காதுமடலில்.
கண்ணாடிக்கு அப்பால்
வடத்தில் கட்டிய படகு கரையோரம் தூங்கியது.
பகலெல்லாம் மோட்டார் இன்றி
நீரின் தள்ளலிலேயே அக்கரை போய்வருவது.
அதனிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை.
விரல்நுனி சுருங்கும்வரை கிடந்தேன்.
நன்றாக இருந்தது.
அதற்கும் கட்டம் இல்லை.

காலையில் அறிக்கை எழுதினேன்.
தொட்டி: நூற்றெண்பத்தாறு லிட்டர்.
பயன்பாடு: ஒருமுறை.
பயன்படுத்தியவர்: தணிக்கையாளர்.

பிறகு அந்தத் தபால்தலை.
பெயர் போடவில்லை.
வேலைநேர இழப்பு என்பதற்கு
ஜெர்மனில் ஒரே சொல்தான்,
ஆனால் சரக்கு ரயில் மாதிரி நீளம்.
எழுத எழுத
கட்டத்தின் சுவரை இடித்துக்கொண்டு போய்
தேனீக்களின் இடத்தில் நின்றது.
அழிக்கவில்லை.

வாசலில் அதே பையன்.
வாளி இன்னும் ஈரம்.
இந்தமுறை ஒற்றைக் கையால்
நீட்டினான்.