மனைவி என்று மட்டும்

பிரதியில் அவளுக்குப் பெயர் கிடையாது.
பேழை செய்தவனின் மனைவி, அவ்வளவுதான்.
அறுநூறு வருசத்துக்கு முந்தி
இங்கிலாந்தில் ஏதோ ஒரு தெருவில்
ஆம்பிளைகளே சேலை மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு
வண்டில் மேடையில் ஆடியது என்றார் பாதர்.
தமிழாக்கி, போட்டோக்கொப்பி எடுத்து
பாலையூற்றுப் பங்கு மண்டபத்தில் தந்தார்.

பெண் வேசம் எப்போதும் எனக்குத்தான்.
கெடுத்தவளாக ஒருமுறை,
கூந்தல் விரித்து அழுதவளாக இருமுறை.
இவள் சண்டைக்காரி.
வெள்ளம் வருகுது ஏறு என்றால் ஏறமாட்டாள்,
சிநேகிதிகளை விட்டுவிட்டு வரமாட்டாள்.
புருசன் அடிப்பான்.
அந்த இடத்தில் பாதர் பென்சிலால்
'சிரிப்பு' என்று எழுதியிருந்தார்.

ஒத்திகையில் நான் விழுந்த விழுகைக்கு
யூஜினின் மகன் சோடாவை மூக்கால் துப்பினான்.
பிளேன்ரீ கொண்டுவந்த ஜெசிந்தா சிரிக்கவில்லை.
"அப்படி விழ ஏலாது அண்ணே.
முதல்ல கைதான் தலைக்குப் போகும்."
கேத்தலை வைத்துவிட்டுக் காட்டினாள்.

பொய்முடியை நானே கழற்றிக் கொடுத்தேன்.
கொடுத்தேன் என்கிறேன்;
பாதர் இரண்டுதரம் கேட்க வேண்டியிருந்தது.

தவக்கால ஞாயிறு. கடற்கரை மணல்.
திருக்கடலூரில் இரவல் வாங்கிய பைபர் வள்ளம்.
"ஏறு" என்று யூஜின் தடியை ஓங்கினான்.
"ரஞ்சிதமலர் வரட்டும்."
பிரதியில் இல்லாத பெயர். சனம் சிரித்தது.
"ஏறடி."
"ஐஸ்வாடி புளோரன்ஸ் வரட்டும், அவளிண்ட கைப்பிள்ளையும்.
சீலை விக்க வந்த ஜெனூபா வரட்டும், காசு குடுக்கயில்ல இன்னும்."
சிரிப்பு, கொஞ்சம்.
"சுமனாவதி."
பின்வரிசையில் யாரோ எழும்பிப் போனார்.
கதிரை மணலில் சாய்ந்தது, ஒருவரும் நிமிர்த்தவில்லை.
அந்த மார்கழி ஞாயிறை அவள் சொல்லவில்லை.
கடல் அவளுக்குப் பின்னால்தான் இருந்தது,
வழமைபோல.

யூஜினின் தடி மேலேயே நின்றது.
பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முழங்கை வலித்தது.
"ஏறம்மா" என்றார் பாதர் திரைக்குள்ளிருந்து.
பலகையில் ஒரு காலை வைத்தாள்.
மற்றக் காலை எடுக்கவேயில்லை.
லைட்டை அணைத்தது நான்தான்.
வேறெப்படி முடிப்பது?

விடிய வள்ளம் தொழிலுக்குப் போகவேண்டும்.
அட்டை ஒட்டகங்களை,
மழைக்கென்று தூவிய ரெஜிபோமை அள்ளினோம்.
ரெஜிபோம் அள்ள அள்ள ஒட்டியது.
"அடுத்த வருசம் யாரைப் போடுறது?" என்றேன்.
"ஏவாள்" என்றார் பாதர், யோசித்து.
கேத்தலைக் கழுவிக்கொண்டிருந்த ஜெசிந்தா
திரும்பாமலே கேட்டாள்:
"அவவுக்கு எத்தினை வசனம்?"