பச்சை வந்துச்சா

முதல் தடவை வந்தபோது
கங்காதரன் சாருக்கு முகம் தெரிய வேண்டும்.
"பித்தளைன்னா பித்தளை மாதிரி இருக்கணும், பிலோமி.
அதைப் பார்த்து நான் ஷேவ் பண்ணிக்கணும்."

கப்பல் விளக்கு. இடதுபக்கத்தது, சிவப்புக் கண்ணாடி.
உடைத்த கப்பலிலிருந்து யாரோ இறக்கி
கல்மண்டபம் வரைக்கும் சாக்கில் கட்டி வந்தது.
மேலெல்லாம் பச்சை பூத்து
திருகாணிகள் உப்பில் இறுகி
மூடியைத் திறந்தால்
காய்ந்துபோன ஒரு கரப்பான்.

புளி, செங்கல்தூள், பிறகு ஆசிட்,
பிறகு பஃப் சக்கரம்.
நாலு நாள்.
கழுவிய தண்ணீர் சாக்கடை வரைக்கும் பச்சையாகவே போனது.
மூடியில் வெட்டியிருந்த கப்பல் பேர்
சக்கரத்துக்கு அடியில் பாதி கரைந்தது.
பயந்துகொண்டே காட்டினேன்.
"அது கிடக்கட்டும், ஷைனைப் பாரு" என்று
பேசிய காசுக்கு மேல் ஐம்பது வைத்தார்.

இருபத்தாறு வருஷம்.

அதே விளக்கு, பழைய போர்வையில் சுற்றி.
'ஒரிஜினல் கண்டிஷன்' என்ற வார்த்தையை
மாத்திரை போல நாக்கில் வைத்துக்கொண்டு பேசுகிறார்.
பெசன்ட் நகரில் ஒருத்தர்
களிம்பைக்கூடத் துடைக்காமல்
நாலு மடங்குக்கு விற்றாராம்.
"துணி பட்டாலே விலை போச்சுங்கறான்.
பழையபடி ஆக்க முடியுமா?"
தலைக்கு நேற்றுதான் மை அடித்திருக்கிறார்.
காதுமடலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

முடியும் சார். நவச்சாரம், வினிகர்,
மூடிய வாளிக்குள் மூன்று ராத்திரி.
மூலக்கொத்தளத்தில் ஒருவன்
போன மாதம் வார்த்த மணியைச் சாணியில் புதைத்து
இருநூறு வயசு கொடுக்கிறான்.
சொன்னேன். முகம் சுளித்தார்.
"அது பொய்யில்ல?"

அப்ப நான் தேய்ச்சது இன்னா சார்?
வாய் வரைக்கும் வந்தது. டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் என் மேசையைப் பார்த்துவிட்டார்.
ஆசிட் தின்ற குழிகள், ஏழெட்டு நிறப் பெயின்ட்,
சுத்தியல் தவறிய இடமெல்லாம் பிறைபிறையாய்.
குனிந்து மோந்தார்.
"இதை யாரும் தொடலையே? விலை சொல்லு."
"அதுமேலதான் சார் சோறு துன்றேன்."

கடைசியில் விளக்கை
மொட்டைமாடிக் கம்பியில் தொங்கவிட்டேன்.
காசிமேட்டுக் காற்று, துறைமுகக் கரி,
ஐஸ் ஃபேக்டரி எப்போதாவது விடும் அமோனியா.
எல்லாம் அசல்தான்.
மாசம் முந்நூறு வாடகை. ஒத்துக்கொண்டார்.
மழை வந்தால் மூடவா என்று கேட்டதற்கு
பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்றார்.

ஒண்ணாம் தேதி ஆனால் போன்.
"பச்சை வந்துச்சா?"
"கைப்பிடிக்கு அடியில, மிளகு அளவு."
சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பு.

போன மாதம் மட்டும்
கொஞ்சநேரம் லைனிலேயே இருந்தார்.
"மூடியில ஒரு பேரு இருந்துச்சில்ல, பிலோமி?"

அது வராது சார்.