நான்கு நிமிடம் விழுங்காமல்

நபரோவிலிருந்து வந்திருந்தாள் இன்ஷிராஹ்.
ஃபெசீக் விற்பவள்.
உப்பில் புதைத்த மடவை மீனின் வாடை
அவளுக்கு முன்பே அறைக்குள் வந்துவிட்டது.

வளையல், தோடு, பல்செட்டு எல்லாம்
பிளாஸ்டிக் தட்டில் கழற்றி வைத்தாள்.
மூக்கை மட்டும் கழற்றச் சொல்லாதே, வக்தி,
எனக்குச் சோறு போடுவது அதுதான் என்றாள்.

கழுத்தில் வலப்பக்கம் ஒரு கட்டி.
இரண்டு முறை ஊசி குத்தியாயிற்று.
இரண்டு முறையும் தாளில் ஒரே வரி:
திட்டமாகச் சொல்ல இயலாது.
எதற்கும் வெட்டிவிடலாம் என்றாராம் ஒரு டாக்டர்.
வெட்டிய பிறகு ஒன்றுமில்லை என்றால்
ஒட்டித் தருவீரா என்று கேட்டாளாம் இவள்.

காந்தத்துக்குள் தள்ளினேன்.
நான்கு நிமிடம் விழுங்கக் கூடாது, அம்மா.
எச்சில் ஊறினால்?
ஊறட்டும்.
சொன்ன கணத்தில்
மன்சூராவைக் கடக்கும் நைல் முழுவதும்
என் வாயில் ஊறியது.

இயந்திரம் தடதடத்தது.
மூன்றாம் நிமிடம் விழுங்கினாள். படம் கலைந்தது.
மறுபடியும்.
மறுபடியும் விழுங்கினாள்.

நான் தேடுவது கட்டியை அல்ல,
அதற்குள் இருக்கும் தண்ணீரை.
சாதுவான கட்டியில் தண்ணீர்
சந்தை கலைந்த தெருவில் போவதுபோல்
கைவீசிப் போகும்.
கெட்டதில் செல்கள் நெருக்கியடித்து நிற்கும்,
எள் விழ இடமிருக்காது.
தண்ணீர் தோள் இடிபட்டு
நின்ற இடத்திலேயே நிற்கும்.
எவ்வளவு தூரம் நடந்தது என்பதைக்
காந்தம் ஓர் எண்ணாகச் சொல்லும்.
காந்தமும் சில நாள் ஏமாறும்.

மூன்றாம் முறை அவள் விழுங்கவில்லை.
கடைவாயில் வழிந்து
காதுமடல் வரை ஓடியிருந்தது.

எண் வந்தது.
வட்டத்தைச் சிறிதாக்கி மறுபடி அளந்தேன்.
இன்னும் சிறிதாக்கினேன்.
ஓரத்தில் கொஞ்சம் நடமாட்டம்.
நடுவில்
எள்ளுக்கு இடமில்லை.

பல்லைப் பொருத்திக்கொண்டே கேட்டாள்:
என்ன சொல்கிறது உன் பெட்டி?
அறிக்கை ஞாயிற்றுக்கிழமை, அம்மா.
டாக்டர்தான் சொல்வார்.

மீனைச் செவுளருகே அழுத்திப் பார்ப்பேன்,
முகர்வேன்.
கெட்டது என்றால், வாங்க வந்தவனிடம்
ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்ல மாட்டேன்.
கையிலிருந்து பிடுங்கிவிடுவேன்.
ஒரு துண்டு போதும், ஆளைக் கொல்ல.

நான் பதில் பேசவில்லை.
அடுத்தவருக்காக விரிப்பை மாற்றினேன்.
நிமிர்ந்தபோது
எச்சிலை விழுங்கியிருக்கிறேன்.

அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
என் கழுத்தை.

தோட்டின் திருகை முடுக்கினாள்.
ஞாயிறு எனக்குக் கடை இருக்கிறது,
திங்கள் வருகிறேன் என்றாள்.