நேர்ச்சை இல்லாதவன்

நடப்பது எங்கள் தொழில் இல்லை.
வருஷத்தில் ஒன்பது மாதம்
அறுபதடித் தளத்தில் கழியும் கால்கள்.
தூத்தூரில் புறப்பட்டு
வல்லவிளை தாண்டுமுன்
என் குதிகால் வெடித்துவிட்டது.

பத்துப் பேர் வெறுங்காலில்.
பதினோராவது ஆள் கிளீட்டஸ், போட்டின் டிரைவர்,
ரப்பர்ச் செருப்பில்.
“நான் யாரிட்டயும் ஒண்ணும் கேக்கல்ல.”
பிறகு ஏன் வருகிறாய் என்றால்
“வழியில எவனாவது விழுந்தா தூக்காண்டாமா?”
தண்ணீர்க் கேனைத் தோள் மாற்றிக்கொண்டான்.

நீரோடியோடு தமிழ்நாடு முடிகிறது.
ஜெபமாலையைப் பாதியில் மொழிமாற்றத் தெரியாமல்
தமிழிலேயே தொடர்ந்தோம்.

பொழியூருக்கு அப்பால்
போன வருஷத்து ரோட்டில் அலை நின்றது.
ஒரு வீட்டின் முன்கதவால் ஏறி
அடுக்களை வழியாக இறங்கினோம்.
உலையில் அரிசி.
பல் தேய்த்துக்கொண்டிருந்த பெண்
“வேட்டுகாட்டுக்கோ?” என்று மட்டும் கேட்டு
நாயைப் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான்.
கரையிலிருந்து இருநூறு மைலில் எஞ்சின் நின்றது.
ஐந்து நாள் நீவாடு இழுத்த பக்கமெல்லாம் போனோம்.
ஐஸ் கரைந்து சுறா நாறத் தொடங்கியபோது
ஆளுக்கொரு புனிதரைக் கூப்பிட்டோம்.
சூசைமிக்கேல் அந்தோணியாருக்கு ஆடு நேர்ந்தான்.
பெர்க்மான்ஸ் குடியை விட்டான்,
கரை தெரியும்வரை.
நான் அணியத்தில் மண்டியிட்டு
எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்:
“ராஜாவே, பதினோரு பேரும் நடந்தே வாறோம்.”
கீழே எஞ்சின் அறையிலிருந்து கிளீட்டஸ் கத்தினான்:
“என்னைக் கணக்குல சேக்காதே.
அந்த லைட்டை இஞ்ச காட்டு.”

பம்பில் வாஷர் போயிருந்தது. மாற்று இல்லை.
வலது செருப்பைக் கழற்றி
குதிகாலில் ஒரு மூடியைக் கவிழ்த்து
சுற்றிக் கத்தி போட்டான்.
விடியுமுன் எஞ்சின் இருமியது,
பிறகு பேசியது.
யார் செய்த வேலை என்று
அன்றிலிருந்து தளத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

பூவாறில் பொழி திறந்து கிடந்தது.
வள்ளக்காரர் எங்களிடம் காசு வாங்கவில்லை.
கிளீட்டஸின் காலைப் பார்த்தார்:
“செருப்பிட்டவன் பத்து ரூபா.”
அவன் இருபதாகக் கொடுத்துவிட்டு
மீதி கேட்காமல் ஏறினான்.

விழிஞ்ஞத்தில் துறைமுகச் சுவர்
கடற்கரையை அப்படியே நிறுத்திவிட்டது.
மேலே ஏறி தாரில் நடந்தோம்.
கடலிலிருந்து பார்த்தால்
பள்ளிவாசல் மினாரும் மாதா கோவில் கோபுரமும்
ஒன்றின்மேல் ஒன்றாக வரும் இடம் ஒன்று உண்டு;
அதற்கு நேர் கீழே பார், பார் நிறைய மீன்.
இருபது வருஷம் அப்படித்தான் அவற்றைத் தெரியும்.
நடந்து பார்த்தால் நடுவே
ஒரு மீன்சந்தை, போலீஸ் கூடாரம்,
ஐஸ் லாரி ஒதுங்க முடியாத தெரு,
சைக்கிள் பழகும் இரண்டு பிள்ளைகள்.

பூந்துறையில் மறுபடி மணல்.
இருட்டிவிட்டது. கிளீட்டஸ் முன்னால் போனான்.
டார்ச் வெளிச்சத்தில்
அவனுடைய ஒவ்வொரு வலது தடத்திலும்
ஓட்டை விட்ட இடத்தில்
வட்டமாகச் சின்ன மேடு.
பூசையில் நாக்கில் வைப்பதன் அளவு.
பக்கத்தில் வந்த சூசைமிக்கேலிடம்
நான் இதைச் சொல்லவில்லை.
மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தேன்;
கால் வலிக்கிறதா என்று அவன் கேட்டான்.

வேட்டுகாட்டில்
கேனில் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனான்.
ஆயிரம் ஜோடிக்கு நடுவில் அது கிடந்தது.
ஓட்டைச் செருப்பை யார் திருடப் போகிறார்கள்?
இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

பூசை பாதியில்
காணிக்கைத் தட்டு வந்தது.
என் இரண்டு கையிலும் செருப்பு.
தட்டுக்காரர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்.

வெளியே, பாட்டையும் மீறி, அவன் குரல்:
“எவம்லே எஞ் செருப்பை எடுத்தது?”