எழுபத்து மூன்று

சங்கத்தின் முதல் குறிப்பேட்டில்
முதல் பக்கம் கிழிந்திருக்கிறது.
ஆகவே எங்கள் வரலாறு
‘மேற்படி தீர்மானத்தின்படி’ என்று தொடங்குகிறது.

பெரம்பூர். சைக்கிள் கடை மாடி.
எட்டுப் பேர், ஏழு நாற்காலி.
மூர் மார்க்கெட்டில் எடைக்கு வாங்கிய
ராணுவ மிச்சத்தைப் பிரித்து
டெரன்ஸ் ரொசாரியோ கட்டிய டிரான்ஸ்மிட்டர்
முதலில் பேசியது கொழும்போடு.
அடுத்து, ஃபியூஸ் போனது.

போர் வந்தபோது
கருவிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள்.
ரசீது இருக்கிறது.
அந்த வருஷக் கூட்டங்களில்
பேனா முனையால் மேசையில் தட்டிப் பேசினார்களாம்.
தேநீர்ச் செலவு மட்டும் கூடியிருக்கிறது.

நான் வந்தது சண்டை போட.
வெள்ளிக்கிழமை டிவியில் பாட்டு வரும் நேரம்
கதாநாயகி முகத்தில் கோடு கோடாய்
இவர்கள் ஆன்டெனா.
படியேறிக் கத்தினேன்.
ஹெட்போனைக் கழற்றி நீட்டினார் நூருல்லா:
“ஒரு நிமிஷம் கேட்டுட்டுத் திட்டுங்க.”
இரைச்சலுக்கு அப்பால் யாரோ
கரண்டியால் பாத்திரம் தட்டுவதுபோல்.
“ரஷ்யாக்காரர். காய்ச்சலாம்.”
கோபம் தீரவில்லை.
மறுவாரமும் போனேன்.
செயலாளர் ஆனபின்
ஃபில்டர் வாங்க முதல் தீர்மானம் என்னுடையது.

டெரன்ஸுக்கும் நூருல்லாவுக்கும் பேச்சு நின்றது
எண்பத்தெட்டில், ஒரு 807 வால்வுக்காக.
யார் கீழே போட்டது என்பது
மூன்று பக்கம் எழுதி, மூன்றும் அடிக்கப்பட்டிருக்கிறது.
எதிரெதிரே உட்கார்ந்து
“அவரிடம் சொல்லுங்கள்” என்பார்கள் என்னிடம்.
ஆனால் இரவு ஒன்பதுக்கு அலையில் வந்தால்
முடிக்கும்போது எழுபத்து மூன்று
சொல்லியாக வேண்டும்.
நல்வாழ்த்து என்று பொருள்.
டா டா டி டி டிட், டி டி டி டா டா.
எந்த முனையிலிருந்து கேட்டாலும் ஒரே ஓசை.
பல்லைக் கடித்துக்கொண்டு
இருபத்தேழு வருஷம் வாழ்த்தினார்கள்.

வெள்ளத்தில் செல்போன்கள் செத்த இரவு
கோட்டூர்புரத்தில், மகள் வீட்டு மொட்டை மாடியில்
கார் பேட்டரியோடு டெரன்ஸ்.
இரண்டாம் மாடி, இன்சுலின்.
பின் தெரு, எட்டு மாதம்.
நீல கேட், ஒரு கிழவர், ஒரு நாய்,
நாயில்லாமல் வரமாட்டாராம்.
பெரம்பூரில் எழுதிக்கொண்டது நூருல்லா.
படகுக்காரர்களுக்குப் போன் தேடி அலைந்தது நான்.
பேட்டரி இறங்க இறங்க
குரலை விட்டு மோர்ஸுக்கு மாறினார்கள்.

விடியும் நேரம்
எழுபத்து மூன்று வரவில்லை.
வேறென்னவோ வந்தது:
வால்வைப் போட்டது நான்தான்.

நூருல்லா கண்ணாடியைத் துடைத்தார்.
தெளிவாக இல்லை, திரும்ப அனுப்பவும் என்று தட்டினார்.
வந்தது.
திரும்ப அனுப்பவும்.
வந்தது, மெலிந்து.

குறிப்பேட்டில் மூன்றுமுறையும் எழுதியிருக்கிறேன்.
எதையும் அடிக்கவில்லை.